பஸ் நிறுத்தத்தில் கேட்ட கேள்விகள்

2022ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.காம். சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாவது மாதத்தில், கல்லூரியின் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்துக்குப் பகுதி நேர மாணவ உதவியாளர் ஒருவர் தேவை என்று துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து சொன்னார். வாரத்துக்குப் பத்து மணி நேர வேலை, மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். எங்கள் ஊர் முக்கூடல் பக்கம்; அம்மா பீடி சுற்றுகிறவர். காலையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இருட்டும் வரை ஆயிரம் பீடி சுற்றி, அதைப் பீடிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கழித்துப் போட்டது போக மிச்சத்துக்குக் கூலி வாங்கி வருவார். அந்தக் கூலியோடு இந்த 2,000 ரூபாயை மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நான் கையைத் தூக்கினேன். படிப்பு முடிந்த 2024 வரை, தேர்வுக் காலங்கள் நீங்கலாக, அந்த வேலையில் இருந்தேன். இப்போது படித்துக்கொண்டே இத்தகைய வேலையில் சேரும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படும் என்பதால், அங்கே நான் செய்த தவறுகளையும் கற்றுக்கொண்டவற்றையும் எழுதுகிறேன்.

மாணவர்கள் அதை ‘பிளேஸ்மென்ட் செல்’ என்பார்கள். முதல்வர் அறையைத் தாண்டி, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, நீளமான ஒரு மேசை. பொறுப்பாளரான சார் வணிகவியல் பேராசிரியர். வகுப்புகளையும் எடுத்துக்கொண்டு இந்தப் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தவர். என்னிடம் அவர் முதல் நாள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “இப்படி ஓர் இடம் இருக்குன்னு பிள்ளைகளுக்குத் தெரியணும்மா. அதுதான் உன் வேலை.” நான் அதை விளம்பர வேலை என்று புரிந்துகொண்டேன். சுவரொட்டி எழுதினேன், வகுப்பு வகுப்பாகப் போய் அறிவித்தேன், வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போட்டேன். மூன்று மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது, கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.பி.ஏ. மாணவர்களில் நகரத்துக்குள்ளேயே குடியிருப்பவர்களின் பெயர்கள்தாம் திரும்பத் திரும்ப இருந்தன. அவர்களுக்கு நான் சொல்லாமலே மையத்தைத் தெரிந்திருக்கும். தமிழ், வரலாறு, பொருளாதாரம், தாவரவியல் துறைகளிலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் பஸ்ஸில் என்னோடு தினமும் வந்து போகிறவர்களில் ஒருவர் பெயர் கூட அதில் இல்லை.

அன்று மாலை, பக்கத்து இருக்கையில் வந்த பி.ஏ. தமிழ் இரண்டாமாண்டுத் தங்கையிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அது கம்ப்யூட்டர் படிச்சவுகளுக்கு உள்ளதுல்லாக்கா?” என்றாள். நான் அவள் வகுப்பிலேயே நின்று ‘அனைத்துத் துறை மாணவர்களும் வருக’ என்று அறிவித்திருந்தேன், அவளும் கேட்டிருந்தாள். ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் தான் இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. முதல்வர் அறையைத் தாண்டிப் போக வேண்டுமே என்ற கூச்சமும் இருந்தது. இவ்விரண்டையும் விடப் பெரிய காரணம் ஒன்றையும் அவள் சொன்னாள். எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் வகுப்பு முடிந்த பிறகு, மாலை மூன்றரை மணிக்குமேல் நடந்தன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகள் அந்த பஸ்ஸை நம்பித்தான் கல்லூரிக்கு வருகிறார்கள். ஒரு நடையை விட்டால் அடுத்த நடைக்கு வெகுநேரம் நிற்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வேறு பஸ் ஏற வேண்டும், வீட்டில் இருட்டுவதற்குள் வரவில்லையே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அதே பஸ்ஸில் போகிறவள்தான். வேலை நாட்களில் எனக்குப் பிந்திய பஸ்ஸுக்கு வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டதால், மற்றவர்களுக்கு அது கிடைக்காது என்பதை மறந்துபோயிருந்தேன்.

மறுநாள் சாரிடம் போய், என் பத்து மணி நேரத்தில் பாதியைக் கல்லூரி வாசலில் உள்ள பஸ் நிறுத்தத்தில் செலவிடலாமா என்று கேட்டேன். கல்லூரி வளாகத்துக்கு வெளியே மாணவியை வேலைக்கு நிறுத்துவதாக யாராவது கேட்டால் என்ன செய்வது என்று அவர் தயங்கினார். இரண்டு நாள் யோசித்து, முதல்வரிடம் பேசி, எழுத்துமூலம் அனுமதி வாங்கித் தந்தார். இப்படி வழக்கத்துக்கு மாறாக எதையாவது செய்யும்போது அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பிறகு ஒரு முறை காவலாளி வந்து கேட்டபோது அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

நிறுத்தத்தில் முதல் வாரம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கையில் துண்டுத் தாள்களோடு நின்ற என்னைப் பார்த்தால் ஏதோ விற்கிறவள் போல இருந்திருக்கும். இரண்டாவது வாரம் தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு நோட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு புங்க மரத்தடித் திண்டில் உட்கார்ந்தேன். வழக்கமாக என்னோடு பேசும் பிள்ளைகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி வேலையைப் பற்றியே இல்லை. “எக்கா, பீடி சுத்துறவுக பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் உண்டும்னு சொல்லுதாவ, அது நெசமா?” என்று ஒருத்தி கேட்டாள். உண்மைதான், பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை வழங்கும் கல்வி உதவித்தொகை உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பெற்றோர் பீடித் தொழிலாளி என்பதற்கான அடையாள அட்டை வேண்டும். அம்மாவின் அட்டையை வைத்து நானே விண்ணப்பித்தவள் ஆதலால் எந்தப் பக்கத்தில் எதைக் கேட்கும் என்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் சுற்றிலும் எட்டுப் பேர் நின்றார்கள். அன்று உதவித்தொகைக்காக வந்தவர்களே பிறகு வேலை பற்றியும் கேட்டார்கள். சுவரொட்டியில் நாங்கள் உதவித்தொகை என்ற சொல்லை ஒரு முறை கூடப் போட்டதில்லை, அது மையத்தின் வேலை இல்லை என்பதால். பிள்ளைகளுக்கோ அந்தப் பிரிவினை கிடையாது. பணம், படிப்பு, வேலை மூன்றும் அவர்களுக்கு ஒரே கவலை.

கேட்ட கேள்வியை எல்லாம் அந்த நோட்டில் கேட்டவர் பெயர் இல்லாமல் எழுதி வைத்தேன். தமிழ் படித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாமா? குரூப் 2க்கும் குரூப் 4க்கும் என்ன வித்தியாசம்? எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்தால் கார்டு வீட்டுக்கு வருமா? புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும்? சென்னைக்குப் போகாமல் கிடைக்கிற வேலை எது? படித்தவர்கள் இவற்றைச் சின்னக் கேள்விகள் என்று நினைக்கலாம். ஆனால் ஒரு பட்டப்படிப்பு மாணவி இதையெல்லாம் பேராசிரியர்கள் நடமாடும் ஓர் அறைக்குள் போய்க் கேட்க மாட்டாள், ‘இது கூடத் தெரியாதா’ என்று ஒரு பார்வை விழுந்துவிடும் என்று அவளுக்குப் பயம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில், கூடப் படிக்கும் அக்காவிடம் கேட்கும்போது அந்தப் பயம் இல்லை. முதல் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க வைப்பதுதான் இந்த வேலை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டவள் அடுத்த வாரம் தானாகவே முதல்வர் அறையைத் தாண்டி எங்கள் மேசைக்கு வந்தாள்.

பதில்களையும் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தெரியாததற்கு “கேட்டு நாளைக்குச் சொல்லுதேன்” என்றேன். மறுநாள் கட்டாயம் சொன்னேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இப்போது இணையத்திலேயே செய்துகொள்ளலாம், மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த அலுவலகத்துக்கு இன்று மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று பெயர். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி நடக்கிறது. நகரத்தில் தனியார் பயிற்சி மையத்துக்குப் பல ஆயிரம் கட்டிய பிள்ளைகளில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், குரூப் 2க்குப் பட்டம் வேண்டும். குரூப் 4இல் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடாவது எடுத்தால்தான் மற்றப் பகுதியைத் திருத்துவார்கள். பி.ஏ. தமிழ் மாணவிகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். தாங்கள் எடுத்த பாடத்தால் எந்த வேலைக்கும் பயனில்லை என்று உறவினர்களிடம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் அவர்கள்.

தமிழ்வழி இடஒதுக்கீடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, அந்தப் பதவிக்கு உரிய கல்வித் தகுதி வரை முழுவதையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதாவது குரூப் 4க்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. அதற்கான சான்றிதழை உரிய படிவத்தில் அந்தந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் வாங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்று படித்தவர் இரண்டு இடங்களுக்கும் அலைய வேண்டும். கேட்கும்போது ஓடலாம் என்று விட்டுவைத்தால், அந்த நேரம் பள்ளி விடுமுறையாக இருக்கும். எங்கள் மையத்தில் படிவத்தை அச்சிட்டு வைத்து, ஊருக்குப் போகும் சனிக்கிழமையில் வாங்கி வரச் சொன்னோம்.

நோட்டிலிருந்து கிடைத்த இன்னொரு பாடம் அறிவிப்பின் மொழி. ‘தொழில்நெறி வழிகாட்டல் நிகழ்ச்சி, அனைவரும் பங்கேற்றுப் பயன்பெறுக’ என்று எழுதிய அறிவிப்புக்கு வந்தவர்கள் சொற்பம். அதை மாற்றி இப்படி எழுதினேன்: ‘செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு வேளை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், ஒரு போட்டோ, 150 ரூபாய் கொண்டு வந்தால் டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவை உங்கள் கூட உட்கார்ந்து முடித்துத் தருகிறோம். ஐந்து ஆண்டுக்குச் செல்லும். சாப்பாட்டையும் எடுத்து வரலாம்.’ அன்று அறையில் உட்கார இடமில்லை. ஒரு நாள், ஒரு வேலை, கையில் கொண்டு வர வேண்டியது என்ன என்பதை மட்டும் சொன்னால் பிள்ளைகள் வருகிறார்கள். சாப்பாட்டு வேளைக்கு மாற்றியதும், டிபன் டப்பாவை அறைக்குள் அனுமதித்ததும் அதே அளவுக்கு உதவின. 2022 மார்ச் 1ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ என்ற திறன் பயிற்சித் திட்டத்தின் வகுப்புகள் எங்கள் கல்லூரிக்கு வந்தபோதும் இதே கதைதான். இன்னொரு பரீட்சை என்று பயந்தவர்களிடம், எந்தப் படிப்பு, முடித்தால் கையில் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டிய பிறகே அக்கறையாகச் சேர்ந்தார்கள்.

இனி நான் செய்த பெரிய தவறு. 2023 ஆகஸ்டில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 15,000 ரூபாய், பெண்களுக்கு முன்னுரிமை, இன்றே கடைசி. வெளியூருக்குப் போக முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்னிடம் இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்! அந்த மகிழ்ச்சியில், சாரிடம் கேட்காமல், நான்கு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அதை அனுப்பினேன். மேலே ‘வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்தின் அறிவிப்பு’ என்று நானே ஒரு வரியும் சேர்த்தேன்.

ஆறு நாள் கழித்து மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் ஏறும்வரை நின்று, பிறகு என்னிடம் வந்தாள். பதிவுக் கட்டணம் என்று 1,850 ரூபாய் கட்டியிருந்தாள். இப்போது ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 4,000 கட்டு, இல்லையென்றால் வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்களாம். முதலில் கட்டிய பணம் அவள் அம்மா பீடிக்கடையில் வாரக் கூலியாக வாங்கி வைத்திருந்தது. “நீங்க போட்டதுனாலதான்க்கா நம்புனேன்” என்று அவள் சொன்னதில் கோபம் துளியும் இல்லை. அதனால்தான் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை சாரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் அவளை அழைத்து, மேற்கொண்டு ஒரு பைசா கட்ட வேண்டாம், அந்த மிரட்டலுக்குப் பின்னால் சட்டம் எதுவும் இல்லை என்று தைரியம் சொன்னார். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம். பணம் கட்டிய உடனே, அதாவது அது வேறு கணக்குகளுக்கு மாறுவதற்குள் அழைத்திருந்தால் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். ஆறு நாளில் அது போயே போய்விட்டது. நான்கு குழுக்களிலும் என் பெயரைப் போட்டு, நான் சரிபார்க்காமல் அனுப்பிய செய்தி அது, யாரும் பணம் கட்ட வேண்டாம், கட்டியிருந்தால் உடனே சொல்லுங்கள் என்று எழுதினேன். இன்னும் இரண்டு பேர் பணம் கட்டத் தயாராக இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்த 1,850 ரூபாயை என் மதிப்பூதியத்திலிருந்து இரண்டு தவணையில் அவள் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மையத்தில் ஒரு வழக்கத்தை உண்டாக்கினோம். வரும் எந்த வேலைச் செய்தியும் ஒரு நாள் காத்திருக்கும். நிறுவனத்தின் பெயரை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்ப்போம், அது இலவசம். மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வந்ததா, சாதாரண ஜிமெயிலிலிருந்தா என்று பார்ப்போம். செய்தியில் உள்ள எண்ணைத் தவிர்த்து, நிறுவனத்தின் அலுவலக எண்ணைத் தனியாகக் கண்டுபிடித்து அழைப்போம். ‘பணம் கேட்டாலே மோசடி’ என்று நான் முதலில் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். அதில் ஒரு குழப்பம் வந்தது: டி.என்.பி.எஸ்.சி.யும் 150 ரூபாய் கேட்கிறதே, அதுவும் மோசடியா என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. தேர்வு நடத்தும் அரசு அமைப்பு தன் இணையதளத்தில் வாங்கும் கட்டணம் வேறு, சம்பளம் தருவதாகச் சொல்லும் முதலாளியே முன்பணம் கேட்பது வேறு என்று அதன் பிறகு பிரித்துச் சொல்லக் கற்றுக்கொண்டேன். சீருடைக் காசு, பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் இரண்டாவது வகைதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழை எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் மறக்காது. தாமிரபரணி கரை மீறிப் போனதில், ஆற்றோரத்து ஊர்களில் இருந்து வந்த பிள்ளைகள் பலரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கல்லூரி திறந்த பிறகு பஸ் நிறுத்தத்தில் நான் பார்த்த ஒன்று. இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து தன் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினான். லாமினேஷன் செய்திருந்தான், பத்திரம் என்று. ஓரம் ஒரு பக்கம் பிரிந்து, அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்றிருந்தது. தாளைத் தொட முடியாது. பிரித்தால் எழுத்து பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்தது. அவனுடைய பெயர் தெரிந்தது, சான்றிதழ் எண் இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கறை மட்டும் இருந்தது.

2024 ஜனவரி 30 அன்று குரூப் 4 அறிவிப்பு வந்தது: 6,244 இடங்கள், விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி 28, தேர்வு ஜூன் 9. ஒருமுறைப் பதிவில் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் விவரங்கள் எல்லாம் கேட்கும். செவ்வாய்க்கிழமைகளில் முன்பே பதிந்து வைத்தவர்களுக்குக் கவலை இல்லை. வெள்ளத்துக்கு முன்பே அவர்களுடைய விவரங்கள் ஏறியிருந்தன. அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் சான்றிதழை இறக்கி வைத்திருந்தவர்களுக்கும் சில நிமிட வேலை. மற்றவர்களை அவர்கள் படித்த பள்ளிக்கே அனுப்பினோம். பள்ளி அலுவலகப் பதிவேடுகளிலிருந்து விவரங்களை எழுதி வாங்கி வந்து பதிந்தார்கள், மாற்றுச் சான்றிதழுக்கும் அங்கேயே விண்ணப்பித்தார்கள். அந்த மாணவன் பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் விண்ணப்பித்து முடித்தான். இதைப் படிப்பவர்கள் இன்றே உங்கள் சான்றிதழ்களின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். மூலச் சான்றிதழை லாமினேஷன் செய்யாமல், சாதாரணக் கோப்பு உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

பெற்றோரிடம் பேச வேண்டி வரும் என்று வேலையில் சேரும்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை. மதுரை ரோட்டில் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலை வந்த சமயம், அந்தப் பக்கத்து வேலைகளைப் பற்றிய பேச்சு எங்கள் கல்லூரியில் அதிகமாக இருந்தது. சென்னை, ஓசூர் என்றால் வாயையே திறக்காத அப்பாமார்கள் கங்கைகொண்டான் என்றால் யோசித்தார்கள். அங்குள்ள வேறொரு நிறுவனத்துக்கு நடந்த நேர்காணலில் பி.எஸ்சி. இயற்பியல் மாணவி ஒருத்தி தேர்வானாள். அவள் அப்பா கல்லூரிக்கே வந்து, மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. “ராத்திரி ஷிப்டு உண்டுமா தாயி?” என்றார். எனக்குத் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை. நேர்காணலை நடத்தி வைத்த நாங்கள், ஒரு தகப்பன் முதலில் கேட்கும் கேள்வியை அந்த நிறுவனத்திடம் கேட்டிருக்கவே இல்லை. “சாயங்காலத்துக்குள்ள கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று அவர் எண்ணை வாங்கிக்கொண்டு, நிறுவனத்தை அழைத்துக் கேட்டோம். ஷிப்டு மாறி மாறி வரும், ஊர்ப்பக்கம் வரை கம்பெனி பஸ் உண்டு என்றார்கள். அவர் அவளை அனுப்பினார். பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு மாதம் அவரே சைக்கிளில் வந்து கூட்டிப் போனதாக அவள் பிறகு சொன்னாள்.

அன்றிலிருந்து எந்த நிறுவனம் வந்தாலும் முன்கூட்டியே கேட்டு ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். ஷிப்டு எப்படி, பஸ் எதுவரை, விடுதி உண்டா, பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் எவ்வளவு, இடையில் நின்றால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கிறதா, மூலச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்ற நிறுவனத்தை சார் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை நான் மிகவும் மதிக்கிறேன். வேலை வாங்கித் தருவோம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லக் கூடாது என்பதும் அவர் பிடிவாதம். “நாம வழி காட்டுதோம், நடக்கது அந்தப் பிள்ளை” என்பார். பஸ் நிறுத்தத்தில் யாராவது “வேலை கிடைச்சிருமாக்கா?” என்று கேட்டால், கிடைக்கும் என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். எந்தத் தேர்வு, எத்தனை இடம், எத்தனை மாதம் படிக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளப் பழகினேன்.

படிப்பையும் வேலையையும் சேர்த்துச் செய்ததில் முதல் பருவத்திலேயே அடி வாங்கினேன். காஸ்டிங் தாளில் அரியர். பத்து மணி நேர வேலை என்பது தாளில்தான். வாட்ஸ்அப் வழியாக அது இரவிலும் ஞாயிறிலும் வீட்டுக்குள் வந்துவிட்டது. இரண்டாம் பருவத்திலிருந்து மாலை ஏழு மணிக்குமேல் பதில் சொல்ல மாட்டேன் என்று குழுக்களில் எழுதி வைத்தேன். தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் வேலை இல்லை என்று சாரிடம் பேசிக்கொண்டேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். நான் கேட்டிருந்தால் முதல் பருவத்திலேயே ஒப்புக்கொண்டிருப்பார். மதிப்பூதியமும் ஒரு முறை நான்கு மாதம் வரவில்லை. எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று நான் நோட்டில் எழுதி, வாரா வாரம் சாரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால், அலுவலகம் கேட்டபோது காட்டி மொத்தமாக வாங்க முடிந்தது. எங்களோடு வேறொரு பிரிவில் வேலை பார்த்த மாணவர் இப்படி எழுதி வைக்காததால் ஒரு மாதப் பணத்தை இழந்தார். வேலையில் சேரும் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரலில் எனக்கு அடுத்து இந்த வேலைக்கு வந்தவள், பஸ்ஸில் ‘அது கம்ப்யூட்டர் படிச்சவுகளுக்கு உள்ளதுல்லாக்கா’ என்று கேட்ட அதே தங்கை. பி.ஏ. முடித்து அங்கேயே எம்.ஏ. சேரவிருந்தாள். என்னிடம் இருந்த மூன்று கேள்வி நோட்டுகளையும் அவளிடம் கொடுத்தேன். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் எந்த ஊர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று எழுதியிருந்தேன். சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்காகக் கல்லூரிக்குப் போனபோது அவளைப் புங்க மரத்தடியில் பார்த்தேன், சுற்றிலும் பிள்ளைகள். நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு பஸ்களின் நேரத்தைப் பென்சிலால் அடித்துத் திருத்தி, கீழே ஆலங்குளம் பஸ் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தாள்.